மூலிகை ஓவியங்களில் இல்லாத பெயர்கள்: கியூ முதல் கோவை வரை

லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஷெர்லி ஷெர்வுட் கலைக்கூடத்தில் 2025 அக்டோபரில் ‘ஃபுளோரா இண்டிகா’ என்னும் ஓவியக் கண்காட்சி தொடங்கியது. 1790-க்கும் 1850-க்கும் இடையில் ஆங்கிலேயத் தாவரவியலாளர்களுக்காக இந்திய ஓவியர்கள் வரைந்த 52 தாவர ஓவியங்கள் அதில் இடம்பெற்றன. ஹென்றி நோல்டி, சீதா ரெட்டி ஆகிய இரு ஆய்வாளர்கள் அதனை வடிவமைத்தனர். இழக்கப்பட்ட வரலாறுகளை மீட்பதே நோக்கம் என்று கண்காட்சியின் துணைத்தலைப்பு கூறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அருங்காட்சியகம் 1879-இல் கலைக்கப்பட்டபோது அதிலிருந்த தாவர ஓவியங்கள் கியூவுக்குச் சென்றன. அங்கே அவை தாவர இனவாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டன. செடியின் லத்தீன் பெயரால் தேடினால் படம் கிடைக்கும். வரைந்தவரின் பெயரால் தேடினால் எதுவும் கிடைக்காது. அந்த அடுக்குமுறையே ஓவியர்களை மறைத்துவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர்களை வெளியே கொண்டுவரும் முயற்சி நடந்திருக்கிறது. அதனை நாம் வரவேற்கிறோம்.

அடுத்த மாதமே, 2025 நவம்பரில், கோவை காந்திபுரத்தில் பழைய மத்திய சிறை வளாக நிலத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. சங்க இலக்கியத் தாவரங்களுக்கும் மூலிகைகளுக்கும் அங்கே தனித்தனித் தோட்டங்கள் உள்ளன. மூலிகை, குணப்படுத்தல், இயற்கைக்குத் திரும்புதல் ஆகியவை கலைக்கூடங்களுக்கும் பூங்காக்களுக்கும் பிடித்தமான கருப்பொருள்களாகிவிட்ட காலம் இது. லண்டன் கண்காட்சி பேசும் வரலாற்றில் கோவைக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதால் இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. ஓவியரின் பெயர் மீட்கப்படுகிறது. செடியை அறிந்திருந்தவரின் பெயர் என்னவாயிற்று என்பதே நமது கேள்வி.

ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் கம்பெனியின் அறுவை மருத்துவராகச் சென்னை வந்தவர். அமெரிக்கப் பருத்தியைத் தமிழ் மண்ணில் விளைவிக்கும் சோதனைக்காக 1842-இல் கோவைக்கு அனுப்பப்பட்டு, 1853 வரை இங்கேயே இருந்தார். பருத்திச் சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய ‘இக்கோனீஸ்’ என்னும் ஆறு தொகுதி நூலின் பெரும்பகுதி அவருடைய கோவை ஆண்டுகளில்தான் உருவானது. 1838 முதல் 1853 வரை வெளிவந்த அந்நூலில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படத்தகடுகள் உள்ளன. அவற்றை வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இருவர். தஞ்சை அரசவை ஓவிய மரபோடு தொடர்புடைய, தெலுங்கு பேசும் ராஜு சாதியினர் இவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தகடுகளின் ஓரத்தில் அவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. வைட் ஒரு படி மேலே சென்று, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயா’ என்று தம் ஓவியரின் பெயரைச் சூட்டினார். பின்வந்த வகைப்பாட்டில் அப்பெயர் நிலைக்கவில்லை என்றாலும், காலனியக் காலத்தில் ஒரு இந்திய ஓவியருக்கு இத்தகைய மதிப்பு கிடைத்தது அரிது.

இந்த மதிப்பு நின்றுவிடும் இடத்தைக் கவனியுங்கள். ஓவியரின் மேசைக்குச் செடி தானாக நடந்து வரவில்லை. நீலகிரியின் சரிவுகளிலும் ஆனைமலையிலும் ஏறி இறங்கி, எந்தச் செடி எங்கே எந்தப் பருவத்தில் பூக்கும் என்று அறிந்து, வேரோடு பறித்து, வாடுமுன் கொண்டுவந்து சேர்த்த கைகள் பல. அந்தக் கைகளின் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. தகட்டில் வைட்டுக்கு இடமுண்டு, ஓவியருக்கு ஓரமுண்டு, சேகரித்தவருக்கு ஓரமும் இல்லை. ஏகாதிபத்தியம் மட்டுமே இந்த வரிசையை உண்டாக்கியது என்று சொல்லிவிட்டு நகர்வது நமக்கு வசதியாக இருக்கும். ஆனால் வைட் வந்து சேர்ந்த கோவை ஏற்கெனவே ஒரு வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது. அவர் வந்த மறு ஆண்டு, 1843-இல்தான், அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை ஐந்தாம் சட்டம் நீக்கியது. அதற்குப் பிறகும் கொங்கு வேளாண்மையில் மாதாரிகள் என்றழைக்கப்பட்ட அருந்ததியர் பண்ணையாட்களாகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தனர். பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்கும் பெயர் எழுதி வைக்கப்படுவதற்கும் இடையே உள்ள தொலைவைச் சாதி அளந்து வைத்திருந்தது. வெள்ளைக்காரரின் புத்தகம் அந்த அளவை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது கோவைக்கு மேற்கே, வைட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு நிகழ்ந்தது. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. மலபாரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களை மருத்துவப் பயன்களோடும் படங்களோடும் அது பதிவுசெய்தது. அதன் அறிவு மூலங்களில் தலையானவர் இட்டி அச்சுதன். சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ மருத்துவரான அவர், தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் தம் குடும்பச் சுவடிகளிலிருந்து சொன்ன செய்திகளுக்கு அவரே தந்த சான்றுரை 1675 ஏப்ரல் 20 என்னும் நாளுடன் முதல் தொகுதியில் அவருடைய எழுத்திலேயே அச்சாகியுள்ளது. ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணிப் பிராமண மருத்துவர்களின் சான்றுரையும் அங்கே உண்டு. ஆனால் ஈழவ மருத்துவரின் சொல் தனி மதிப்போடு, தனிப் பக்கத்தில் நிற்கிறது. தாவரங்களை வகைப்படுத்திய முறையிலேயே ஈழவ அறிவின் தாக்கம் இருப்பதாக வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ் வாதிட்டார். அந்த ஒரு பக்கம் அச்சாகியிராவிட்டால் மலபாரின் மருத்துவ அறிவு முழுவதும் இன்று யாருடைய கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

எனவே, பெயர் என்பது வெறும் நன்றியறிதல் அன்று, அது ஆவணம்.

ஒரு செடி, இரு வாழ்வு

கொங்கு நாட்டில் எந்த ஓவியரும் முதலில் வரையத் தேர்ந்தெடுக்கக்கூடிய மூலிகை ஆவாரை. பொங்கலுக்கு முன்னாள் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வீட்டிறப்பிலும் காட்டிலும் காப்புக் கட்டாத ஊர் இங்கே குறைவு. சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூக் குடிநீர், உடற்சூட்டுக்கு ஆவாரை, மேனிக்கு ஆவாரம்பூப் பொடி என்று நாட்டு மருந்துக் கடைகளில் அதற்கு இன்று நல்ல விலை. ஆவாரை பூத்திருக்கச் சாவார் உண்டோ என்று பழமொழியும் கேட்கிறது.

மஞ்சள் பூவுக்குக் கீழே பட்டை இருக்கிறது. தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நின்றது ஆவாரம் பட்டையின் மேல்தான். காட்டோரங்களிலும் தரிசுகளிலும் வளர்ந்த ஆவாரஞ் செடியை வெட்டி, பட்டையை உரித்து, நொறுக்கி, ஊறவைத்து, அந்தச் சாற்றில் தோலை இறக்கிப் பதப்படுத்தினார்கள். பின்னாளில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான சீகை மரப்பட்டை அதன் இடத்தைப் பிடித்தது. பிறகு அந்த மரமே நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளை அழித்து நடப்பட்டது. அது தனிக் கதை. கொங்கில் பதனிட்ட தோலைக் கொண்டு அருந்ததியர் செருப்பு மட்டும் செய்யவில்லை. கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் பறியின் தோற்பகுதியைத் தைத்துத் தந்தவர்களும் பழுது பார்த்தவர்களும் அவர்களே. கொங்கின் கிணற்றுப் பாசனம், அதாவது அதன் பருத்தி, அதன் புகையிலை, அதன் செல்வம், அந்தத் தோல் கிழியாமல் இருந்ததால் விளைந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மின் இறைவை பரவியபோது அந்தத் தொழிலும் அதோடு கிடைத்த சிறு பேரவலிமையும் போயின, தீண்டாமை போகவில்லை.

ஒரே செடியின் பூ மங்கலமாகவும், பட்டை தொட்ட கை தீட்டாகவும் ஆனது எப்படி? செடியின் வேதியியலில் இதற்கு விடை இல்லை. பூவைக் கட்டியவர் யார், பட்டையை ஊறவைத்தவர் யார் என்பதில் இருக்கிறது. ஆவாரையை வரையும் ஓவியர் பூவோடு நிறுத்திக்கொண்டால் அது அழகான படமாக இருக்கும். கொங்கின் ஆவாரையாக இருக்காது. இன்று அதே சமூகத்தின் பிள்ளைகள்தான் பெருமளவில் கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களின் துப்புரவுப் பணியில் ஒப்பந்தக் கூலிகளாக நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதற்குப் பின்னும் மரணங்கள் நிற்காததால்தான் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியிருந்தது. ஆவாரை ஆண்டுதோறும் பூக்கத்தான் செய்கிறது.

நோய் தீர்த்த கையையே தீட்டு என்று ஒதுக்கிய இந்த முரண், தோல் தொழிலோடு முடிவதில்லை. தமிழகமெங்கும் நாவிதர் சமூகத்தினர் மருத்துவர், பண்டிதர் என்றழைக்கப்பட்டனர். ஆண்கள் கட்டி அறுத்தனர், காயம் ஆற்றினர். பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தனர். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த சாதி விவரணைகளிலும் இது பதிவாகியுள்ளது. கொங்குத் திருமணத்தில் மங்கல வாழ்த்தைப் பாடும் உரிமை நாவிதருக்கு. அதே ஊரில் சமமாக உட்காரும் உரிமை இல்லை. இச்சமூகம் இன்று மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளது. அதன் வரலாற்றைத் தலித் வரலாறு என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் மருந்து தொட்ட கை எவ்வாறு தாழ்த்தப்பட்டது என்னும் கேள்வியில் இரு வரலாறுகளும் தோளோடு தோள் நிற்கின்றன.

தலித் மருத்துவ மரபுக்கு நமக்குக் கிடைத்த மிகப் பெரிய பெயர் அயோத்திதாசப் பண்டிதர். காத்தவராயனாகப் பிறந்து, தம் ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்ட அவர் சித்த மருத்துவத்தை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர். கோவைக்கு வடக்கே தெரியும் அதே நீலகிரியில்தான் அவருடைய இளமைக்காலமும் தொடக்கக்கால இயக்கப் பணிகளும் அமைந்தன. 1891-இல் திராவிட மகாஜன சபையின் மாநாடு அங்கே கூடியது. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பௌத்தம், சாதி எதிர்ப்பு, இதழியல் என்று அவரைப் படிக்கும் நாம் மருத்துவர் அயோத்திதாசரைக் குறைவாகவே படிக்கிறோம். தாம்பரம் சானடோரியத்தில் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. சித்த மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர் அந்தப் பெயர்ப்பலகையின் பொருளை அறிந்து உள்ளே நுழைகிறார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

மருந்து யாருக்கு, பணம் யாருக்கு

கொங்கின் வறண்ட காடுகளில், மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில், இன்னொரு மூலிகை பயிராகவே விளைகிறது. இலக்கியத்தில் அது செங்காந்தள், அரசாணையில் மாநில மலர், சந்தையில் கண்வலிக்கிழங்கு. மூட்டுவாத நோய்க்குப் பயன்படும் கோல்சிசின் என்னும் மருந்துப்பொருள் அதன் விதையில் இருப்பதால் ஏற்றுமதி உண்டு, விலை உண்டு, விலை சரியும்போது அழுகையும் உண்டு. காய் பிடிக்க வேண்டுமானால் பூக்கும் பருவத்தில் விடியற்காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். பந்தலுக்குக் கீழே குனிந்தும் நிமிர்ந்தும் அதைச் செய்பவர்கள் கூலிப் பெண்கள். செடி முழுவதும் நச்சு. நிலம் யாருடையது, கூலி யாருடையது என்பதைக் கொங்கில் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கோல்சிசினைக் கொண்டு குரோமோசோம்களை இரட்டித்துப் புதிய மலர்ச்செடிகளை உருவாக்கியவர்களுள் ஒருவர், 1930-களில் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். தீயர் சமூகத்தில் பிறந்த பெண் விஞ்ஞானி அவர். கோவையில் சாதியும் பாலினமும் அவருக்கு எளிதான சூழலைத் தரவில்லை. இங்கிருந்து சென்று இங்கிலாந்தில் ஆய்வைத் தொடர்ந்தார். ஒரு மக்னோலியா வகை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெயருக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பை மிகத் தெளிவாகக் காட்டுவது ‘ஜீவனி’ என்னும் மருந்தின் கதை. உலகெங்கும் உயிரின வள உரிமை பற்றிய பாடநூல்களில் இடம்பெற்ற அந்தக் கதையிலும் கோவைக்கு ஓர் இடமுண்டு. 1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக உடன் வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு சிறு கனியைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். தயங்கித் தயங்கியே காணிகள் அந்தச் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனியை உருவாக்கியது. 1995-இல் அதன் உற்பத்தி உரிமத்தைக் கோவை ஆரிய வைத்திய பார்மசி பெற்றது: 10 இலட்சம் ரூபாய் உரிமக் கட்டணம், விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை, ஏழு ஆண்டு காலம். ஆய்வு நிறுவனம் தனக்குக் கிடைப்பதில் பாதியைக் காணிகளுக்குத் தர முடிவுசெய்தது. அதற்காக 1997-இல் காணிகளின் அறக்கட்டளை பதிவானது. 1999-இல் 5 இலட்சத்துச் சொச்சம் ரூபாய் அதன் கணக்குக்கு வந்தது.

அப்போது உலகில் இதுபோன்ற பங்கீடு ஏறக்குறைய எங்குமே இல்லை. அந்த வகையில் இது முன்னோடி. அதனை இகழ்வது நேர்மையாகாது. ஆனால் கணக்கை நிதானமாகப் பாருங்கள். நூறு ரூபாய் விற்பனையில் இரண்டு ரூபாய் உரிமைத்தொகை. அந்த இரண்டில் ஒன்று காணிகளுக்கு. பல்லாயிரம் பேர் கொண்ட ஒரு சமூகத்தின் பங்கு அது. அதையும் பெறப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. காணி மருத்துவர்களான பிலாத்திகளில் சிலர், தம் அறிவு தனியாருக்குப் போவதை எதிர்த்து அன்றே கேரள முதலமைச்சருக்கு எழுதினர். அவர்களின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்கவில்லை. காணிகள் அச்செடியை வளர்த்து விற்க முனைந்தபோது வனத்துறை குறுக்கே நின்றது. காட்டிலிருந்து செடியை எடுப்பது குற்றம். காட்டிலிருந்து அறிவை எடுப்பது ஆராய்ச்சி. இத்தனைக்கும் நடுவே காணிகளுக்கு ஏதோ ஒன்று கிடைத்தது என்றால், அதற்குக் காரணம் அவர்கள் பெயருள்ள ஒரு சமூகமாக ஆவணத்தில் பதிந்துவிட்டதுதான். வைட்டுக்குச் செடி பறித்துத் தந்தவர்களின் வாரிசுகள் எந்த அறக்கட்டளையைப் பதிவு செய்வது?

இந்தப் பின்னணியில்தான் உயிரினப் பன்மைச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தை வாசிக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மூலச் சட்டம், உயிரின வளத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் அதன் காப்பாளர்களான மக்களோடு பலனைப் பகிர வேண்டும் என்றது. இந்திய நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்று பதஞ்சலி குழுமத்தோடு தொடர்புடைய திவ்யா பார்மசி வழக்காடியபோது, பொருந்தும் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஐந்தே ஆண்டுகளில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும், பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும், பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் விலக்குகள் தரப்பட்டன. சட்டமீறலுக்கான சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, அபராதமாக மாற்றப்பட்டது.

‘தொகுக்கப்பட்ட’ என்னும் அந்த ஒரு சொல்லில்தான் நமது அக்கறை முழுவதும் இருக்கிறது. தொகுக்கப்பட்டது என்றால் நூலில் ஏறியது. நூலில் ஏற்றும் உரிமை இந்த நாட்டில் யாரிடம் இருந்தது? எழுத்து மறுக்கப்பட்டவர்களின் அறிவு, எழுதத் தெரிந்தவரின் சுவடியில் ஏறிய கணமே பொதுச் சொத்தாகிவிட்டது. இன்று அதைப் பயன்படுத்தும் நிறுவனம் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. எழுத்தில் ஏறாமல் வாய்வழியாக நிற்கும் அறிவுக்குத்தான் இனிப் பங்கு கோர முடியும். அதற்கோ ஆவணம் இல்லை. சாதி முதலில் பெயரை நீக்கியது, பிறகு சட்டம் பெயரில்லாததையே காரணமாகக் காட்டுகிறது.

மறுபக்கம், அந்த அறிவை வைத்திருப்பவர் அதைக் கொண்டு தொழில் செய்யவும் முடியாது. உரிய தகுதியும் பதிவும் இன்றிப் பாரம்பரிய வைத்தியம் செய்ய அனுமதிக்க இயலாது என்று 2018 ஏப்ரலில் கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நோயாளியின் பாதுகாப்பு என்னும் கோணத்தில் அத்தீர்ப்பில் நியாயம் உண்டு. போலி மருத்துவத்தால் முதலில் சாவது ஏழைகளும் தலித்துகளும் பழங்குடியினரும்தான். மருந்தறிவைப் போற்றுவது வேறு, மருத்துவமனைக்கு மாற்றாக அதை நீட்டுவது வேறு.

அட்டப்பாடியை நினைத்துப் பாருங்கள். கோவையிலிருந்து ஆனைகட்டியைக் கடந்தால் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் அந்த மலைப்பகுதி மூலிகைகளுக்குப் பேர்போனது. 2013-இல் அங்கே பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மாருக்கு இரத்தசோகை, குழந்தைகளுக்கு எடைக்குறைவு, ஊட்டமின்மை. மூலிகை இல்லாமலா அவர்கள் இறந்தார்கள்? நிலம் கைமாறிப்போய், ராகியும் சாமையும் விளைந்த காடு பறிபோய், கூலியும் ரேஷனும் மட்டும் மிஞ்சிய வாழ்க்கையில் இறந்தார்கள். பழங்குடிப் பெண்ணின் முகத்தைச் சுற்றி இலைகளையும் வேர்களையும் வரைந்து அதற்குக் குணப்படுத்தல் என்று தலைப்பிடும் ஓவியங்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அந்தப் பெண்ணின் பட்டா எங்கே என்று கேட்காத வரையில் அவை சுவரை அலங்கரிக்கும் வேலையை மட்டுமே செய்யும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூல்மீது உடைமை உரிமையையும், உயிரினப் பன்மை சார்ந்த மரபறிவின்மீது சமூக அறிவுசார் சொத்துரிமையையும் தெளிவாகவே தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதன்படிப் பட்டா வழங்குவது நீதிமன்ற ஆணையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. தடை நீங்கிய பின்பும் வேகம் வரவில்லை.

சுவரில் யார் கை

அப்படியானால் கலைக்கூடம் என்ன செய்ய இயலும்? ஒரு முன்மாதிரி கொலம்பியாவில் இருக்கிறது. அமேசான் காட்டின் நோனுயா இனத்தைச் சேர்ந்த ஆபெல் ரொட்ரிகேஸ், செடிகளுக்குப் பெயர் சொல்பவராகத் தம் முன்னோரால் பயிற்றுவிக்கப்பட்டவர். விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாகப் பணியாற்றினார். ஆயுத மோதல்களால் காட்டைவிட்டுத் தலைநகர் பொகோட்டாவுக்கு வர நேர்ந்தபோது, நினைவிலிருந்தே தம் காட்டின் மரங்களை வரையத் தொடங்கினார். 2017-இல் உலகின் முதன்மையான கலை விழாக்களுள் ஒன்றான டாக்குமென்டாவில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. வைட்டின் காலத்தில் பெயரின்றிச் செடி பறித்தவர் இருந்த இடத்தில் நின்றவர், தாமே தூரிகையைப் பிடித்தார். தகட்டின் ஓரத்தில் அல்ல, நடுவில் தம் பெயரை எழுதினார்.

நமக்கு அருகிலேயே அதற்கு இணை உண்டு. கோத்தகிரிக்கு அருகிலுள்ள வெள்ளரிக்கோம்பையைச் சேர்ந்த ஆலு குறும்பர் ஓவியர் கிருஷ்ணன், வேங்கை மரப் பிசினையும் இலைச்சாற்றையும் கொண்டு தேனெடுப்பையும் தம் மக்களின் சடங்குகளையும் வரைந்தவர். பாறை ஓவியங்களோடு தொடர்புடைய அந்த மரபில் மருந்துச் செடி வரையப்படும் பொருளாக மட்டும் இல்லை. வரையும் வண்ணமாகவும் இருக்கிறது. கோவையின் கலைக்கூடங்கள் அடுத்த முறை மூலிகையைக் கருப்பொருளாக எடுக்கும்போது இத்தகைய ஓவியர்களுக்குச் சுவரைத் தரலாம், விலையையும் தரலாம். வைட் காலத்துப் படங்களின் நகல்களைத் தொங்கவிட்டால், சேகரித்தவர் பெயர் பதிவுசெய்யப்படவில்லை என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதி வைக்கலாம். தோல் பதனிட்ட பட்டையும் ஆவாரம்பூவும் ஒரே சட்டகத்துக்குள் வரட்டும். தலித் ஓவியர்கள் இதைச் செய்யத் தொடங்கினால் ‘இயற்கை ஓவியம்’ என்னும் சாதுவான வகைமையே கலகலத்துப் போகும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கண்காட்சிக்குக் காத்திராமல் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உயிரினப் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை உருவாக்கியிருக்க வேண்டும். நெடுங்காலம் அது ஏட்டளவில் கிடந்தது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் மாதம் 10 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் ஆணையிட்ட பின், நாடு முழுவதும் பதிவேடுகள் அவசர அவசரமாக முளைத்தன. அப்பதிவேட்டின் படிவத்தில் உள்ளூர் வைத்தியர்களையும் மரபறிவு உடையவர்களையும் பெயரிட்டு எழுதத் தனி இடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்திலோ, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகவோ அதன் நகலைக் கேட்டுப் பெறலாம். காரமடையில், பெரியநாயக்கன்பாளையத்தில், தாராபுரத்தில், மூலனூரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஊருக்குள் இருப்பவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றனவா, சேரியிலும் பதியிலும் இருப்பவர்களின் பெயர்களும் இருக்கின்றனவா, அல்லது அந்தக் கட்டம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்டவர்களின் பெயர்களைச் சேர்க்கக் கோரி, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.